தொழில்நுட்ப உதவி மோசடி அழைப்புகள்

தொழில்நுட்ப உதவி மோசடி என்பது, மைக்ரோசாப்ட் போன்ற பெயர்பெற்ற நிறுவனத்திலிருந்தோ வீட்டுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, கணினியில் இல்லாத கோளாறை இருப்பதாக நம்பவைத்துப் பணம் பறிக்கும் தொலைபேசி ஏமாற்று ஆகும். 2008ஆம் ஆண்டை ஒட்டி இது பெருமளவில் தலைகாட்டத் தொடங்கியது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து என ஆங்கிலம் பேசும் நாடுகளின் வீடுகளே இதன் முதன்மை இலக்கு. அழைப்புகளில் பெரும்பங்கு இந்தியாவில் கொல்கத்தா, தில்லி, குருகிராம், நொய்டா போன்ற நகரங்களில் இயங்கும் போலி அழைப்பு மையங்களிலிருந்து போகிறது.

தொகை சிறிதல்ல. அமெரிக்காவின் எப்.பி.ஐ. நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த வகையில் 37,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. இழப்பு 92 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள் இழந்த பணம். வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இந்த மோசடியில் கணினியின் பூட்டை யாரும் உடைப்பதில்லை. உரிமையாளரே, சொன்னதைக் கேட்டுத் தன் கையால் கதவைத் திறந்துவிடுகிறார். அப்படித் திறக்கவைப்பதற்காக அவருக்குக் காட்டப்படும் சான்றுகள் அனைத்தும் ஏறக்குறைய எல்லா விண்டோஸ் கணினிகளிலும் இயல்பாகவே இருப்பவை. அவை என்ன என்று ஒருமுறை பார்த்துவிட்டவரிடம் இந்த வித்தை எளிதில் பலிக்காது. ஆகவே இக்கட்டுரை அந்தச் சான்றுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுகிறது.

தொடர்பு தொடங்கும் விதம்

தொடக்க காலத்தில் இது நேரடி அழைப்பாகவே இருந்தது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்தோ விலைக்கு வாங்கிய பட்டியலிலிருந்தோ எண்ணை எடுத்து, "உங்கள் கணினியிலிருந்து எங்கள் சேவையகத்துக்குப் பிழைச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன, மேடம்" என்று ஆரம்பிப்பார்கள். எந்த நிறுவனமும் தன் மென்பொருள் ஓடும் கோடிக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி போட்டுச் சொல்வதில்லை. விண்டோஸ் சில பிழைக் குறிப்புகளை மைக்ரோசாப்டுக்கு அனுப்புவது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் உங்களை அழைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. கேட்காமல் தாங்கள் யாரையும் அழைப்பதில்லை என்று அந்த நிறுவனமே பலமுறை அறிவித்திருக்கிறது.

பின்னாளில் முறை தலைகீழானது. இப்போது பெரும்பாலும் பாதிக்கப்படுபவரே அழைக்கிறார். இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போது திரை முழுவதும் நிரம்பும் எச்சரிக்கை தோன்றும். ஒலிபெருக்கியிலிருந்து அபாயக் குரல் கேட்கும். சுட்டி சொன்னபடி நகராது. நடுவே ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கும். அல்லது, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்கான ஆண்டுச் சந்தா 400 டாலர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதாகவும், வேண்டாமென்றால் இந்த எண்ணை அழைக்கலாம் என்றும் ஒரு மின்னஞ்சல் வரும். அச்சுப்பொறி ஓடவில்லை என்று தேடுபொறியில் உதவி எண் தேடுகிறவருக்கு, விளம்பரமாகப் போலி எண் மேலே வந்து நிற்பதும் உண்டு.

இந்த மாற்றத்துக்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தெரியாதவர் அழைத்தால் சந்தேகம் முதலில் எழும். நாமே தேடி அழைத்தவரிடம் அந்தச் சந்தேகம் பாதி கரைந்துவிடுகிறது. மைக்ரோசாப்டின் உண்மையான பிழைச் செய்தி எதிலும் தொலைபேசி எண் இருக்காது என்ற ஒரு தகவலை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே திரை எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடலாம்.

காட்டப்படும் சான்றுகள்

அழைப்பவர் உடனே பணம் கேட்பதில்லை. முதலில் கணினியின் முன் உட்காரச் சொல்வார். விசைப்பலகையின் இடது கீழ்மூலையில் கன்ட்ரோல் விசைக்கு அருகே நான்கு கட்டமாக ஒரு விசை இருக்கிறதே, அதையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள் என்பார். ஒரு சிறு பெட்டி திறக்கும். அதற்குப் பின் அவர் எழுத்து எழுத்தாகச் சொல்வதைத் தட்டச்சு செய்ய வேண்டும். கணினிப் பழக்கம் இல்லாதவருக்கு இந்தக் கட்டத்திலேயே, எதிர்முனையில் இருப்பவர் விஷயம் தெரிந்தவர் என்ற எண்ணம் பதிந்துவிடும்.

மிகப் பழைய சான்று நிகழ்வுப் பதிவேடு. ஈவன்ட் வியூவர் எனப்படும் இது, கணினியில் நடக்கும் ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் நாட்குறிப்பு. அச்சுப்பொறிச் சேவை தொடங்கத் தாமதமானது, வலையமைப்பு ஒரு நொடி துண்டிக்கப்பட்டது, ஏதோ ஒரு செயலி பதில் சொல்லவில்லை என்று அனைத்தும் அதில் இருக்கும். சில வரிகளின் முன் மஞ்சள் முக்கோணமும் சில வரிகளின் முன் சிவப்பு வட்டமும் நிற்கும். நேற்று வாங்கிய புதுக் கணினியிலும் இவை இருக்கும். "எத்தனை சிவப்புக் குறிகள் தெரிகின்றன, எண்ணிச் சொல்லுங்கள் மேடம்" என்பார் அவர். எண்ண எண்ணப் பயம் ஏறும். அடுத்து, "அதில் ஒன்றை அழித்துப் பாருங்கள்" என்பார். அழிக்க வழியே இருக்காது. தனித்தனிப் பதிவை அழிக்கும் வசதி அந்த நிரலில் வைக்கப்படவே இல்லை. ஒரு பதிவேட்டில் நினைத்த வரியை அழிக்க முடிந்தால் அது பதிவேடே அல்ல. "பார்த்தீர்களா, அவ்வளவு வலுவான வைரஸ்" என்று விளக்கம் வரும்.

இரண்டாவது வித்தை ஒரு நீண்ட எண். கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'அசாக்' என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்வார்கள். எந்தக் கோப்பு வகையை எந்த நிரல் திறக்கும் என்று காட்டும் சாதாரணக் கட்டளை அது. அதன் பட்டியலின் கடைசிப் பகுதியில் 888 என்று தொடங்கி எழுத்தும் எண்ணுமாக நீளும் ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் கணினிக்கே உரிய உரிம எண் என்பார் அழைப்பவர். தன்னிடம் உள்ள எண்ணை அவர் வாசித்துக்காட்ட, இவர் திரையில் ஒப்பிட்டுப் பார்க்க, ஓர் எழுத்துகூடப் பிசகாது பொருந்தும். உண்மையில் அது, கோப்புகளைச் சுருக்கிய கோப்புறைக்கு அனுப்பும் வசதிக்கு விண்டோஸ் வைத்திருக்கும் உள் அடையாளம். உலகில் உள்ள எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அதே எண்தான். எல்லாருடைய மின்விசிறியிலும் மூன்று இறக்கை இருப்பதைச் சொல்லி, உங்கள் வீட்டை எனக்குத் தெரியும் என்று ஒருவர் நம்பவைப்பது போன்றது இது. இருந்தும், என் கருத்தில், எல்லாச் சான்றுகளிலும் மிக வலுவாக வேலை செய்வது இதுதான். அதுவரை 'நீங்கள் யார்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் இதற்குப் பின் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்.

'நெட்ஸ்டாட்' என்ற கட்டளை, கணினி அந்த நேரத்தில் எந்தெந்த முகவரிகளுடன் பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். அதில் ஒரு பத்தியின் தலைப்பு 'பாரின் அட்ரஸ்'. இங்கே அதன் பொருள் மறுமுனைக் கணினியின் முகவரி என்பது மட்டுமே. உலாவியில் ஒரு செய்தித்தளம் திறந்திருந்தால் அதுவும் அந்தப் பத்தியில் வரும். மோசடிக்காரரோ, வெளிநாட்டுத் திருடர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்துச் சொல்வார்.

'ட்ரீ' என்ற கட்டளை வன்தட்டில் உள்ள கோப்புறைகளை மரம்போல வரிசையாகக் காட்டும். திரையில் எழுத்துகள் மழையாக ஓடும். இதை நச்சுநிரல் சோதனை என்பார்கள். கணினி ஏற்கெனவே அவர் கட்டுப்பாட்டில் இருந்தால், வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்று அவரே தட்டச்சு செய்துவைப்பார். ஓட்டம் நின்றதும் அந்த வாசகம் அடியில் தோன்றும். கணினி சொன்னதாகவே பார்ப்பவர் நினைப்பார். இன்னொன்று, 'இன்ப்' என்ற பெயருக்குப் பின் வைரஸ் என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டச்சு செய்யவைப்பது. விண்டோஸ் பின்னால் உள்ள சொல்லைப் பொருட்படுத்தாமல் 'இன்ப்' கோப்புறையை மட்டும் திறந்துகாட்டும். புரியாத பெயர்களுடன் நூற்றுக்கணக்கான கோப்புகள். அத்தனையும் வன்பொருள் இயக்கிகளுக்கு வேண்டிய சாதாரணக் கோப்புகள்.

இவற்றை உங்கள் கணினியில் நீங்களே திறந்து பார்க்கலாம். பார்ப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. வீட்டில் மூத்தவர்கள் கணினி பயன்படுத்தினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் உட்கார்ந்து நிகழ்வுப் பதிவேட்டை அவர்களுக்குத் திறந்துகாட்டுவது, எந்த எச்சரிக்கைத் துண்டறிக்கையையும்விடப் பயனுள்ளது.

தொலை அணுகல்

நம்பிக்கை வந்த பின் அடுத்த படி, தொலை அணுகல் மென்பொருள் ஒன்றை நிறுவச் செய்வது. டீம்வியூவர், எனிடெஸ்க், ஸ்கிரீன்கனெக்ட், விண்டோஸிலேயே வரும் குயிக் அசிஸ்ட் ஆகியவை அடிக்கடி பயன்படுபவை. இவை எல்லாம் நேர்மையான மென்பொருள்கள். அலுவலகங்களில் கணினிப் பிரிவினர் அன்றாடம் இவற்றால்தான் வேலை பார்க்கிறார்கள். அதனால்தான் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் பெரும்பாலும் இவற்றைத் தடுப்பதில்லை. திரையில் தெரியும் இணைப்பு எண்ணை வாசித்துக்காட்டி, அனுமதிப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் இருப்பவருக்குத் திரையும் சுட்டியும் விசைப்பலகையும் கிடைத்துவிடும். அதன்பின் அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கோப்புகளைத் திறக்கலாம், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கலாம், திரையைக் கறுப்பாக்கிவிட்டு உங்களுக்குத் தெரியாமல் வேலை செய்யலாம்.

பணம் தர மறுத்தவர்களைப் பழிவாங்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். விண்டோஸில் 'சிஸ்கீ' என்ற பழைய வசதி ஒன்று இருந்தது. அதன்மூலம் கணினி தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்கும்படி பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்பார்கள். 2017ஆம் ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் அந்த வசதியையே நீக்கிவிட்டது.

பணம் எடுக்கும் வழிகள்

எளிய வடிவம், இல்லாத கோளாறைச் சரிசெய்யக் கட்டணம் வாங்குவது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வுக்காக இத்தகைய 60 மோசடிக்காரர்களுடன் பேசிப் பார்த்தனர். கேட்கப்பட்ட தொகையின் சராசரி ஏறத்தாழ 290 டாலர். ஓராண்டுப் பாதுகாப்பு, மூன்றாண்டுப் பாதுகாப்பு என்று தவணைத் திட்டங்களும் சொல்வார்கள். அதோடு முடிந்தவர்கள், ஒரு வகையில், தப்பித்தவர்கள்.

பெரிய இழப்பு வருவது பணம் திருப்பித்தரும் நாடகத்தில். சில மாதம் கழித்து அதே கும்பல் மீண்டும் அழைக்கும். நிறுவனத்தை மூடுகிறோம், நீங்கள் கட்டிய 300 டாலரைத் திருப்பித் தரவேண்டும், உங்கள் வங்கிப் பக்கத்தைத் திறங்கள் என்பார்கள். கணினி அவர்கள் கையில் இருக்கும். ஒரு படிவத்தில் 300 என்று நிரப்பச் சொல்வார்கள். நிரப்பும்போது அவர்களே இரண்டு பூச்சியத்தைக் கூடச் சேர்ப்பார்கள். திரையை ஒரு நிமிடம் மறைப்பார்கள். மீண்டும் தெரியும்போது வங்கிக் கணக்கில் 30,000 டாலர் கூடியிருக்கும்.

பணம் எங்கிருந்தும் வரவில்லை. எந்த வலைப்பக்கத்தையும் உலாவியில் இருக்கும் நிரலாளர் கருவியைக் கொண்டு நம் திரையில் மட்டும் மாற்றி எழுதலாம். வங்கியின் கணக்கில் ஒரு காசும் மாறாது. அல்லது, உங்கள் சேமிப்புக் கணக்கில் இருந்த தொகையையே நடைமுறைக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அனுப்பிய பணம் என்று காட்டுவார்கள். பிறகு மறுமுனையில் அழுகை தொடங்கும். "தவறாக அதிகம் அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும், எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்." நேர்மையான மனிதர், தனக்குச் சேராத பணத்தை வைத்துக்கொள்ளக்கூடாது என்று கடைக்கு ஓடுகிறார். இந்த இடத்தில் மோசடி பயன்படுத்திக்கொள்வது பேராசையை அல்ல, நாணயத்தை. பாதிக்கப்பட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பணம் பெரும்பாலும் பரிசு அட்டைகளாகக் கேட்கப்படும். கூகுள் பிளே, ஆப்பிள் போன்ற அட்டைகளைக் கடையில் வாங்கி, பின்புறத்தைச் சுரண்டி, எண்ணைத் தொலைபேசியில் வாசித்துவிட்டால் பணம் போய்விடும். ரொக்கத்தைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பொதி அனுப்பச் சொல்வதும், மின்னாணய இயந்திரத்தில் போடச் சொல்வதும் உண்டு. கடைக்காரரோ வங்கி ஊழியரோ கேட்டால் என்ன பொய் சொல்லவேண்டும் என்றும் முன்கூட்டியே பயிற்சி தரப்படும்: பேரப்பிள்ளைகளுக்குப் பரிசு, வீடு புதுப்பிக்கும் செலவு என்று. எந்த அரசு அலுவலகமும் எந்த மென்பொருள் நிறுவனமும் பரிசு அட்டையில் கட்டணம் வாங்குவதில்லை.

அழைப்பு வந்தால்

பேசாமல் துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்குவது நம் பழக்கம். அந்தத் தயக்கத்தில்தான் அவர்கள் அடுத்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். வாதாடி மடக்கவேண்டாம். மறுப்புகளுக்கெல்லாம் அவர்கள் கையில் எழுதிவைத்த பதில் உண்டு. திரையில் தெரியும் அழைப்பு எண்ணை நம்பவேண்டாம். அதை விரும்பியபடி போலியாகக் காட்ட முடியும். உங்கள் பெயரும் முகவரியும் சொல்கிறார் என்பதும் சான்றாகாது. கசிந்த வாடிக்கையாளர் பட்டியல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. உண்மையாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், வேறொரு தொலைபேசியிலிருந்து, பழைய கட்டணச் சீட்டிலோ வங்கி அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

பேசுபவரின் உச்சரிப்பை வைத்து முடிவு செய்யும் பழக்கமும் உதவாது. மேற்கத்திய நிறுவனங்கள் பலவற்றின் உண்மையான உதவி மையங்களும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. டொராண்டோவிலோ லண்டனிலோ பகலில் தனியே வீட்டிலிருக்கும் தமிழ் மூத்தவர் ஒருவருக்கு, அந்த உச்சரிப்பு 'நம்ம பக்கத்துப் பிள்ளை' என்ற நெருக்கத்தைக்கூடத் தரலாம்.

திரையை நிறைக்கும் எச்சரிக்கை என்றால், அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை நிலை பெரும்பாலும் விலகும். ஆல்ட் விசையுடன் எப்4 விசையை அழுத்தி மூடலாம். மூடவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து உலாவியை நிறுத்தலாம். ஆப்பிள் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். எதுவும் கைகூடவில்லை என்றால் மின் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடுங்கள். 'கணினியை அணைத்தால் தகவல் அழிந்துவிடும்' என்று அந்தப் பக்கம் மிரட்டும். சேமிக்காத வேலை போகுமே தவிர வேறு எதுவும் ஆகாது. மீண்டும் உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டால்

முதலில் இணைய இணைப்பை அறுங்கள். கம்பியைப் பிடுங்கலாம், திசைவியை அணைக்கலாம். தொலை அணுகல் அந்த நொடியே நின்றுவிடும். கணினியில் என்ன பட்டனை அழுத்துவது என்று தேடிக்கொண்டிருக்கவேண்டாம்.

அடுத்தது வங்கி. கணினியைச் சுத்தம் செய்வது நாளைக்கும் நடக்கலாம். பணத்துக்கு மணிக்கணக்குதான் அவகாசம். அழைப்பவரின் எண்ணிலோ அதே கணினியில் தேடிய எண்ணிலோ அல்லாமல், அட்டையில் உள்ள எண்ணில் அழைத்து, வேறொருவர் என் கணினியில் இருந்தார் என்று அப்படியே சொல்லுங்கள். பிரித்தானியாவில் 159 என்ற எண்ணை அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கு இணைப்புக் கிடைக்கும். பரிசு அட்டை வாங்கியிருந்தால் அட்டையையும் ரசீதையும் எறியாமல், அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு உடனே சொல்லவேண்டும். அட்டையில் இன்னும் தொகை மிச்சம் இருந்தால் சில நேரம் முடக்க முடிகிறது.

பிறகு கடவுச்சொற்கள். பாதிக்கப்பட்ட கணினியில் மாற்றக்கூடாது; கைப்பேசியிலோ வேறொரு கணினியிலோ மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கு முதலிடம். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் சென்று, வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி ஏதும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

கணினியைப் பொறுத்தவரை, அவர்கள் நிறுவிய தொலை அணுகல் மென்பொருளை நீக்கிவிட்டு நச்சுநிரல் சோதனை ஓட்டுவது குறைந்தபட்சம். ஒன்றுக்கு இரண்டாக நிறுவிவைப்பது அவர்கள் வழக்கம் என்பதால், முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு விண்டோஸை முழுதும் புதிதாக நிறுவுவதே மனநிம்மதி தரும். இதைச் செய்யத் தெரியாதவர்கள், தெரிந்த கடைக்கு நேரில் எடுத்துச் செல்லலாம்.

புகார் அளிக்க, அமெரிக்காவில் எப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையமும் கூட்டாட்சி வணிக ஆணையமும், கனடாவில் கனேடிய மோசடி எதிர்ப்பு மையமும், ஆஸ்திரேலியாவில் ஸ்கேம்வாட்ச்சும் இருக்கின்றன. இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க அந்த ஏற்பாடு முயல்கிறது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ இப்படி மாட்டிக்கொண்டதாகச் சொன்னால், முதல் மறுமொழி திட்டாக இருந்தால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள். மோசடிக்காரர் இதை நன்கு அறிந்தவர். "பிள்ளைகளுக்குத் தெரிந்தால் உங்களிடமிருந்து கணினியையும் வங்கி அட்டையையும் பிடுங்கிவிடுவார்கள்" என்று அவரே சொல்லி வாயடைப்பதுண்டு. ஏமாறுவதற்கு அறியாமை தேவையில்லை. ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் வட அயர்லாந்துக்காரர் ஒருவர், மோசடி மையங்களின் கணினிகளுக்குள்ளேயே புகுந்து அவற்றை அம்பலப்படுத்திப் புகழ்பெற்றவர். குருகிராமின் ஒரு மையத்தின் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் வரை அவர் எடுத்தவற்றை 2020இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு ஜூலையில், யூடியூப் உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவரை நம்பி, தன் யூடியூப் அலைவரிசையை அவரே தன் கையால் நீக்கினார். பின்னர் அது மீட்கப்பட்டது. நடந்ததை அவர் மறைக்காமல் வெளியே சொன்னார்.

மறுமுனை

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2012 அக்டோபரில் இத்தகைய நிறுவனங்கள்மீது ஒரே வீச்சில் ஆறு வழக்குகளைத் தொடுத்தது. இந்தியாவில் 2018இல், மைக்ரோசாப்ட் தந்த புகார்களின்பேரில் தில்லி, குருகிராம், நொய்டா காவல்துறையினர் இரண்டு மாதங்களுக்குள் 26 அழைப்பு மையங்களைச் சோதனையிட்டனர். 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் நாடெங்கும் 76 இடங்களில் நடத்திய தேடுதலில், மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த தொழில்நுட்ப உதவி மோசடிப் புகார்களும் அடங்கும். இருந்தும் மையங்கள் வேறு பெயரில் வேறு கட்டடத்தில் மீண்டும் முளைக்கின்றன. ஏமாந்தவர் ஒரு நாட்டில், ஏமாற்றியவர் இன்னொரு நாட்டில், பணம் மூன்றாவது இடத்தில். வழக்கை நிலைநிறுத்தச் சாட்சி சொல்ல ஓஹையோவிலிருந்தோ லீட்ஸிலிருந்தோ ஒரு பாட்டி வரவேண்டியிருக்கிறது.

அங்கே வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர், ஆங்கிலம் பேசத் தெரிந்த, கல்லூரி முடித்த இளைஞர்கள். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'சர்வதேசத் தொழில்நுட்ப உதவி, இரவுப்பணி, விற்பனைக்கு ஏற்ற ஊக்கத்தொகை' என்றுதான் இருக்கும். உண்மை என்னவென்று பயிற்சியின்போதே பலருக்கும் தெரிந்துவிடும். மின்கருவி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. முதலாளி தப்பினாலும் தொலைபேசியில் பேசிய குரல் பதிவாகியிருக்கும். நேர்காணலில் நிறுவனத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லாமல், பணியாளர்களுக்கு 'ஜான்', 'கெவின்' என்று மேற்கத்தியப் பெயர் சூட்டி, கைப்பேசியை வாசலில் வாங்கி வைக்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுவது நல்லது.

இதே உத்திகள் உள்நாட்டுக்கும் திரும்பிவிட்டன. எனிடெஸ்க் வழியாகக் கைப்பேசிக்குள் புகுந்து யுபிஐ மூலம் பணம் எடுக்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. இங்கே வைரஸ் பயமுறுத்தல் அவ்வளவு எடுபடாததால், வாடிக்கையாளர் சேவை எண் என்ற வேடம் அதிகம். எரிவாயு உருளை முன்பதிவு, கூரியர், வங்கி என்று தேடுபவரின் கண்ணில் படும்படி போலி எண்களை வரைபடத் தளங்களிலும் தேடல் முடிவுகளிலும் விதைத்துவைக்கிறார்கள்.

ஒருமுறை பணம் கொடுத்தவரின் எண் கும்பல்களுக்கிடையே கைமாறுகிறது. சில மாதம் கழித்து ஒரு வழக்கறிஞரோ காவல் அதிகாரியோ அழைத்து, இழந்த பணம் மீட்கப்பட்டுவிட்டது, சிறு கட்டணம் செலுத்தினால் அனுப்பிவைக்கிறோம் என்பார். இழந்த தொகையும் தேதியும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பட்டியலை விற்றவர்களே அதை எடுத்தவர்கள்.